ரேடார் பார்க்காத உயரம்

மே மாதம் அமெரிக்காவின் ஓக்லஹோமா சமவெளியில் டொர்னாடோ துரத்தக் கிளம்புகிறவர்களுக்கு நார்மன் ஒரு யாத்திரைத் தலம். பல்கலைக்கழக வளாகத்தில் 2006-ல் திறக்கப்பட்ட தேசிய வானிலை மையம் அங்கேதான் இருக்கிறது. நாடெங்கும் உள்ள 122 உள்ளூர் முன்னறிவிப்பு அலுவலகங்களில் ஒன்றும், நாடு முழுமைக்குமான புயல் கணிப்பு மையமும் அதே கட்டடத்தில்.

வேலை இரண்டாகப் பிரிகிறது. 'இந்த வட்டாரத்தில் இன்று டொர்னாடோ வரலாம், உஷார்' என்று சில மணி நேரம் முன்பே சொல்வது கணிப்பு மையம். 'இதோ வருகிறது, ஒளிந்துகொள்ளுங்கள்' என்று சொல்வது உள்ளூர் அலுவலகம். நம்மூர்ப் புயல் நாள்கணக்கில் அவகாசம் தரும். இங்கே நிமிடக்கணக்குதான். எச்சரித்துவிட்டு ஒன்றும் வராமல் போனால் மக்கள் அடுத்த முறை அசட்டையாக இருப்பார்கள். எச்சரிக்காமல் விட்டாலோ உயிர் போகும்.

இவ்வளவுக்கும் திரையில் முக்கியமான பகுதி தெரியாது. டாப்ளர் ரேடாரின் கற்றை அரை டிகிரி சாய்வில் கிளம்புகிறது, பூமியோ வளைந்திருக்கிறது. நூறு கி.மீ. தாண்டுவதற்குள் கற்றை ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரம் போய்விடும். மேகத்துக்குள் காற்று சுழல்வது தெரியும். சுழல் தரையைத் தொட்டதா என்பது தெரியாது. இப்போதைய ரேடார்கள் பறக்கும் இடிபாடுகளைக் காட்டிக்கொடுக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் இடிபாடு பறக்கிறதென்றால் எங்கோ ஏற்கெனவே இடிந்துவிட்டது!

அதனால்தான் 1970-களிலிருந்தே 'ஸ்கைவார்ன்' என்ற தன்னார்வலர் அணி இயங்குகிறது. வயல்வெளியிலிருந்து வரும் ஒரு போன் தகவல், திரையைப் பார்த்துத் தயங்கிக்கொண்டிருப்பவரின் கையை நகர்த்திவிடும். 1999 மே 3-ல் ராட்சத டொர்னாடோ மூர் நகரை நோக்கி வந்தபோது, வழக்கமான எச்சரிக்கை வாசகம் போதாதென்று நார்மன் அலுவலகம் 'டொர்னாடோ அவசரநிலை' என்று புதிதாக எழுதியது. அப்படியும் 36 பேர் இறந்தார்கள்.

துரத்துகிறவர்கள் எல்லாரும் உதவுகிறவர்கள் அல்லர். வீடியோவுக்காக மட்டும் வருகிற கூட்டம் சாலையை அடைத்துக்கொள்வதைத் துணிச்சல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2013 மே 31-ல் எல் ரெனோவில் டொர்னாடோவின் அகலம் 4.2 கி.மீ. அனுபவமும் நிதானமும் உள்ளவர் என்று பெயரெடுத்த ஆய்வாளர் டிம் சமராஸே தன் மகன் பாலுடனும் சகா கார்ல் யங்குடனும் அதில் மாண்டார்.

எனவே அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் ஸ்கைவார்ன் பயிற்சியை முடித்துவிடுங்கள், இலவசம்தான். தரையைத் தொடும் சுழலைக் கண்டால், பாதுகாப்பான தூரத்துக்கு விலகியதும் உள்ளூர் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். யூடியூப் அப்புறம்.