காருக்குள் இருக்கும் கம்ப்யூட்டர்: இ.சி.யு.வை மாற்றும் முன் கவனியுங்கள்

கம்ப்யூட்டர் என்றவுடன் மானிட்டர், கீ போர்டு, மவுஸ் ஆகியவைதான் நம் நினைவிற்கு வரும். ஆனால் வீட்டு வாசலில் நிற்கும் காரிலும் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. கார்புரேட்டர் இல்லாமல் எம்.பி.எப்.ஐ. முறையில் இயங்கும் எந்த பெட்ரோல் காராக இருந்தாலும், அதன் இன்ஜினைக் கட்டுப்படுத்துவது இந்தக் கம்ப்யூட்டர்தான். இதனை இ.சி.யு. என அழைக்கின்றனர். சில நிறுவனங்கள் இ.சி.எம். என்றும் கூறுகின்றன.

சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகி 1998ல் விற்பனைக்கு வந்த சான்ட்ரோ இத்தகைய கார்தான். அந்தக் காலத்துக் கார்களை இன்னும் வைத்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஒரு நாள் கார் ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிட்டால், "இ.சி.யு. போய்விட்டது, மாற்ற வேண்டும்" என்று மெக்கானிக் கூறலாம். உடனே சம்மதித்துவிட வேண்டாம். பெட்டியைக் கழற்றி மாட்டுவது சிறிய வேலைதான். ஆனால் காரணம் அறியாமல் மாற்றினால் புதிய பெட்டியும் கெட்டுப் போகலாம். அல்லது கார் அதனை ஏற்க மறுக்கலாம். இரண்டிலும் நஷ்டம் உங்களுக்கே.

இ.சி.யு. என்ன செய்கிறது?

உங்கள் பெர்சனல் கம்ப்யூட்டரில் உள்ளீடு, செயலாக்கம், வெளியீடு என மூன்று நிலைகள் இருப்பதை அறிவீர்கள். இ.சி.யு.விலும் இதே மூன்றுதான். கீ போர்டு, மவுஸுக்குப் பதிலாக இங்கே சென்சார்கள். இன்ஜின் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது, ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதித்திருக்கிறீர்கள் என்ற தகவல்களை இவை அனுப்புகின்றன. உள்ளே இருக்கும் சிப், தன் மெமரியில் பதிந்துள்ள அட்டவணைகளைப் பார்த்து, எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் தீப்பொறி என்று முடிவு செய்கிறது. இன்ஜெக்டர்களும் இக்னிஷன் காயில்களும் அதை நிறைவேற்றுகின்றன. நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்திற்கு 3,000 சுற்றுகள் சுற்றும்போது, ஒரு விநாடிக்கு 100 முறை பெட்ரோல் எரிய வேண்டும். அத்தனையையும் கணக்கிடுவது இந்தச் சிறிய பெட்டிதான்.

இதற்கு மானிட்டர் கிடையாது. டாஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு ஒன்று உண்டு. அதுதான் இது உங்களிடம் பேசும் ஒரே வழி.

உண்மையிலேயே பழுதா?

கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை என்றால் முதலில் பவர் கார்டையும் ஸ்விட்ச்சையும் பார்க்கிறோம். மதர்போர்டை வாங்க ஓடுவதில்லை. இங்கும் அதே வரிசைதான்.

1. பேட்டரியை மல்டி மீட்டரால் சோதியுங்கள். நன்கு சார்ஜ் ஆன பேட்டரி, இன்ஜின் ஓடாத நிலையில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்ட வேண்டும்.

2. சாவியை ஆன் நிலைக்குத் திருப்புங்கள். ஸ்டார்ட் செய்ய வேண்டாம். இன்ஜின் விளக்கு எரிகிறதா? பெரும்பாலான கார்களில் பெட்ரோல் பம்ப் இரண்டு விநாடி ரீங்காரமிடும். இரண்டும் நடந்தால் இ.சி.யு. உயிருடன் இருக்க வாய்ப்பு அதிகம்.

3. இரண்டும் நடக்கவில்லை என்றால் பியூஸ், மெயின் ரிலே, எர்த் வயர் ஆகிய மூன்றையும் பாருங்கள். பழைய கார்களில் எர்த் வயர் பாடியுடன் சேரும் போல்ட்டில் துரு பிடித்திருக்கும். சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினாலே கார் ஓடத் தொடங்கிவிடலாம்.

4. பல சென்சார்களுக்கு இ.சி.யு. 5 வோல்ட் மின்சாரம் தருகிறது. ஏதாவது ஒரு சென்சார் உள்ளே ஷார்ட் ஆனால் இந்த 5 வோல்ட் முழுவதும் இறங்கிவிடும், இ.சி.யு. செத்தது போலவே தோன்றும். சாவியை ஆஃப் செய்து ஒவ்வொரு சென்சாராகக் கழற்றி, மீண்டும் ஆன் செய்து பாருங்கள். எதைக் கழற்றும்போது 5 வோல்ட் திரும்ப வருகிறதோ, அதுதான் குற்றவாளி.

ஸ்கேனர் கருவியை மாட்டினால் பதில் வரவில்லை என்பதும் போதிய சாட்சி அல்ல. கார்களில் தன் பழுதைத் தானே பதிந்து வைக்கும் ஓ.பி.டி. வசதி அமெரிக்காவில் 1996 மாடல்களிலேயே பொதுவான முறைக்கு வந்துவிட்டது. இந்தியாவிலோ அதன் முதல் கட்டம் 2010 ஏப்ரலிலும், இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலிலும்தான் கட்டாயமானது. அதற்கு முந்தைய காருடன் பொதுவான மலிவு விலை ஸ்கேனர் பேசாமல் போகலாம். அந்த நிறுவனத்திற்கே உரிய கருவி தேவைப்படும்.

எதனால் கெடுகிறது?

தண்ணீர் முதல் எதிரி. சில கார்களில் இ.சி.யு. டாஷ்போர்டின் கீழே, கால் வைக்கும் இடத்திற்கு அருகில் இருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் கார்கள் மூழ்கியதை மறந்திருக்க மாட்டீர்கள். நீரில் நின்ற காரில் சாவியைத் திருப்பவே கூடாது. பேட்டரியின் நெகட்டிவ் வயரை முதலில் கழற்ற வேண்டும். ஈரமான போர்டில் மின்சாரம் பாய்ந்தால் அதன் செம்புக் கோடுகள் விரைவில் அரிக்கப்பட்டுவிடும்.

அடுத்தது மனிதக் கவனக்குறைவு. பேட்டரி வயர்களை மாற்றி மாட்டுவது, பேட்டரியைக் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது ஆகியவை இ.சி.யு.வை எரித்துவிடலாம். ஷார்ட் ஆன காயில் அல்லது இன்ஜெக்டர், தன்னை இயக்கும் டிரான்சிஸ்டரையும் சேர்த்து எரிக்கும். இந்தப் பழைய காயிலை அப்படியே விட்டுவிட்டுப் புதிய இ.சி.யு.வை மாட்டினால், அதுவும் அதே வழியில்தான் போகும்.

மூன்றாவது வயது. மதர்போர்டில் கெபாசிட்டர்கள் உப்பிக் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். 1990களின் மிட்சுபிஷி கார்கள் சிலவற்றின் இ.சி.யு.க்கள் இதே நோய்க்குப் பெயர் பெற்றவை. ஆரம்பத்திலேயே கண்டால் கெபாசிட்டரை மாற்றிப் பிழைக்க வைக்கலாம்.

எண் பொருந்த வேண்டும்

பெட்டியின் மேல் லேபிளில் பாக எண் இருக்கும். அது முழுவதும் பொருந்த வேண்டும். உதாரணமாக பாஷ் நிறுவனத்தின் பெட்ரோல் இ.சி.யு. எண்கள் 0 261 என்றும், டீசல் இ.சி.யு. எண்கள் 0 281 என்றும் தொடங்குகின்றன. ஒரே மாடல் காரிலும் ஆண்டு, ஏ.சி., கியர் முறை, மாசு விதி ஆகியவற்றைப் பொறுத்து எண் மாறலாம். கனெக்டர் பொருந்துவதால் மட்டும் உள்ளே உள்ள புரோகிராம் பொருந்திவிடாது.

1980களில் ஜெனரல் மோட்டார்ஸ் இதற்கு எளிய வழி வைத்திருந்தது. புதிய இ.சி.யு. அந்தக் காருக்குரிய மெமரி சிப் இல்லாமல் வரும். பழைய பெட்டியிலிருந்து சிப்பைக் கழற்றிப் புதியதில் செருக வேண்டும். பழைய கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கைப் புதிய கம்ப்யூட்டரில் மாட்டுவது போன்றது இது. பின்னர் வந்த கார்களில் சிப் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டுவிட்டது.

இம்மொபிலைசர் என்னும் பூட்டு

திருட்டைத் தடுக்க வந்தது இம்மொபிலைசர். ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார்களுக்கு இது கட்டாயமானது. சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிறிய சிப் இருக்கும். அதன் ரகசிய எண்ணை அடையாளம் கண்டால்தான் இ.சி.யு. இன்ஜினை ஓட விடும்.

மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் மீண்டும் ஆக்டிவேட் செய்யச் சொல்கிறதல்லவா? இதுவும் அப்படித்தான். வேறு காரின் இ.சி.யு.வை மாட்டினால் அது உங்கள் சாவியை அறியாது. இன்ஜின் ஓரிரு விநாடி ஓடி நிற்கும், அல்லது ஸ்டார்ட்டே ஆகாது. பெட்டி நல்லதாக இருந்தும் இப்படி நிகழும்.

எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

பழுது பார்ப்பது முதல் வழி. கெபாசிட்டர், டிரான்சிஸ்டர், உடைந்த சால்டர் போன்றவை மட்டும் பழுது என்றால் இதுவே நல்லது. மெமரி அப்படியே இருப்பதால் இம்மொபிலைசர் பிரச்னை எழாது.

இரண்டாவது, அதே எண்ணுள்ள பழைய இ.சி.யு.வை வாங்கி, உங்கள் பெட்டியின் மெமரித் தகவல்களை அதில் நகல் எடுப்பது. மூன்றாவது, இ.சி.யு., இம்மொபிலைசர், சாவி மூன்றையும் ஒரே காரிலிருந்து ஒரு செட்டாக வாங்குவது. சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் பழைய பாகங்கள் கிடைக்கும். பில் கேட்டு வாங்குங்கள். நான்காவது, நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் புதியதை வாங்கிப் பதிவு செய்து கொள்வது. இதற்கு ஆர்.சி. புத்தகம் கேட்பார்கள்.

மாற்றும்போது

முதலில் காயில்களையும் இன்ஜெக்டர்களையும் மீட்டரால் அளந்துவிடுங்கள். பல கார்களில் இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் வரை காட்டும். நான்கில் ஒன்று மட்டும் மிகக் குறைவாக இருந்தால் அதை மாற்றிய பிறகே அடுத்த வேலை.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, பத்து நிமிடம் பொறுங்கள். ரேடியோவிற்கு ரகசிய எண் இருந்தால் முன்பே குறித்துக் கொள்ளுங்கள். ராம் மாட்டும் முன் செய்வது போல ஓர் உலோகப் பகுதியைத் தொட்டு உடலின் நிலை மின்சாரத்தை நீக்குங்கள். கனெக்டரின் பூட்டை விடுவித்த பிறகே இழுக்க வேண்டும். பின்களில் பச்சை நிறம் படிந்திருந்தால் தண்ணீர் வந்திருக்கிறது. வந்த வழியை முதலில் அடையுங்கள்.

புதியதை மாட்டியபின் சாவியை ஆன் செய்து, விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் சில கிலோமீட்டர்கள் ஐடிலிங் சற்று ஏறி இறங்கலாம். இ.சி.யு. உங்கள் இன்ஜினைப் பழகிக் கொள்கிறது. சில கார்களில் இதனை ஸ்கேனர் மூலம் கற்றுத்தர வேண்டியிருக்கும்.

இறுதியாக ஒன்று. பழைய பெட்டியைத் தந்தால் விலையில் கழித்துக் கொள்வதாகச் சிலர் கூறுவர். புதியது ஒழுங்காக ஓடும்வரை கொடுக்காதீர்கள். உங்கள் சாவியின் ரகசியமும் காரின் அட்டவணைகளும் அதில்தான் உள்ளன. பேக் அப் எடுக்காத ஹார்ட் டிஸ்க்கை யாரும் பழைய சாமான் கடையில் போடமாட்டார்கள் அல்லவா?