கரையும் கண்ணாடியும் வளரும் எலும்பும்

கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள கரையோர ஊர்களில், எலும்பு முறிந்தவர்கள் முறிவு வைத்தியரை நாடும் வழக்கம் முற்றாக அற்றுப்போகவில்லை. எண்ணெயும் பற்றும் இட்டு, மட்டை வைத்துக் கட்டுவதே அவ்வைத்தியத்தின் அடிப்படை. வைத்தியர் எலும்பை உண்டாக்குவதில்லை. அது தன்னைத்தானே ஆக்கிக்கொள்வதற்கு வேண்டிய நிலைமையையே உண்டாக்குகிறார். ஆனால் விபத்தினாலோ, முரசு நோய் தாடையை அரித்தமையாலோ எலும்பின் ஒரு பகுதியே இல்லாதுபோயின் மட்டை கட்டுவதாற் பயனில்லை. அவ்விடைவெளியை நிரப்ப நவீன விஞ்ஞானம் கண்ட பொருள்களுள் ஒன்று உயிர்வினைக் கண்ணாடி.

இதன் தோற்றச் சூழல் மனங்கொள்ளத்தக்கது. வியட்நாமிற் போர் நடந்துகொண்டிருந்த 1967ஆம் ஆண்டில், புளோரிடாப் பல்கலைக்கழக விஞ்ஞானி லறி ஹெஞ்ச், போர்க்களத்திலிருந்து மீண்ட அமெரிக்கப் படையதிகாரி ஒருவரோடு பஸ்ஸில் உரையாட நேர்ந்தது. உலோகத்தையும் பிளாத்திக்கையும் உடல் ஏற்காமையாற் கைகால்களை வெட்டியகற்ற வேண்டியிருக்கிறது. உடல் ஏற்கும் பொருளொன்றை ஆக்கமுடியாதா என அதிகாரி வினவினார். இராணுவத்தின் நிதியுதவியோடு 1969இல் அக்கண்ணாடி உருவாயிற்று. எலிகளின் தொடையெலும்பில் வைக்கப்பட்டபோது அது எலும்போடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தது.

அதன் நிறையில் 45 சதவீதம் சிலிக்கா. கல்சியம் ஒட்சைட்டும் சோடியம் ஒட்சைட்டும் தனித்தனியே 24.5 சதவீதம், எஞ்சிய 6 சதவீதம் பொசுபரசு ஒட்சைட்டு. உடல் நீரிற் பட்டதும் சோடியம் வெளியேறுகிறது; மேற்பரப்பிற் சிலிக்காக் கூழ்ப்படை தோன்றுகிறது; அதன்மீது கல்சியமும் பொசுபேற்றும் படிந்து, எலும்பின் கனிப்பொருளை ஒத்த பளிங்காகின்றன. எலும்பாக்கும் கலங்கள் அதனை அந்நியமாகக் கொள்வதில்லை. கரைந்து வெளிப்படும் சிலிக்கனும் கல்சியமும் அக்கலங்களின் செயற்பாட்டையும் தூண்டுகின்றன. கண்ணாடி கரையக் கரைய, அதன் இடத்தில் எலும்பு வளர்கிறது.

அளவு மாற்றம் பண்பு மாற்றமாகும் என்னும் இயங்கியல் விதிக்கு இதனினும் தெளிவான சான்று காண்டல் அரிது. சிலிக்கா ஏறத்தாழ 60 சதவீதத்தைக் கடந்ததும் இப்பிணைப்பாற்றல் அற்றுப்போகிறது. 70 சதவீதத்துக்கும் மேற்பட்ட சிலிக்காவைக் கொண்ட யன்னற் கண்ணாடி எலும்போடு பிணையாமைக்குக் காரணம் இதுவே. முன்னைய மருத்துவம் உடலோடு எவ்வித வினையும் புரியாத, மாறாத பொருளையே தேடிற்று. இங்கோ மாறுவதும் அழிவதுமே பொருளின் பயனாயின.

எனினும் மிகைப்படுத்தல் ஆகாது. இக்கண்ணாடி எளிதில் நொறுங்குவது. உடற்பாரத்தைத் தாங்கும் நீண்ட எலும்புக்குத் தனித்து மாற்றாகாது. 1985இல் ஐக்கிய அமெரிக்காவில் நடுக்காதுச் சிற்றெலும்புகளுக்கு மாற்றாகவும், 1993இல் தாடைக் குறைகளை நிரப்பும் துணிக்கைகளாகவும் இது அனுமதிக்கப்பட்டது. பற்பசையிற் சேரும்போது பல்லின் நுண்குழாய்களை அடைத்துக் கூச்சத்தைக் குறைக்கிறது. இழந்த பல்லை மீள முளைப்பிக்கும் மருந்தன்று.

இதன் மூலப்பொருள்கள் அரியனவல்ல. நாத்தாண்டியாவிற் சிலிக்கா மணல் உண்டு. 1971இல் எப்பாவலயிற் கண்டறியப்பட்ட பொசுபேற்றுப் படிவு, எலும்பின் கனிப்பொருள் சார்ந்த அபற்றைற்றுக் குடும்பத்தது. அப்படிவைப் பன்னாட்டு நிறுவனங்களுக்குக் கையளிக்கும் திட்டத்தை, அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தடுத்தது. மண்ணைக் காத்தல் முதற்படி. அம்மண்ணைப் பயனாக்கும் அறிவைப் பெறுதல் அடுத்த படி. மணலும் பொசுபேற்றும் மலிவு, கண்ணாடி மலிவன்று. தூய்மையாக்கலும் பரிசோதனையும் மட்டுமன்றி, ஆக்கவுரிமையும் வணிகப் பெயரும் அவ்விலையில் அடங்கியுள்ளன.

கல்கத்தாவின் மத்திய கண்ணாடி மட்பாண்ட ஆராய்ச்சி நிறுவனமும் திருவனந்தபுரத்தின் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனமும் பொது நிதியில் இத்துறையில் உழைத்துள்ளன. 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நம் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்குச் சம்மாந்துறையிற் பிரயோக விஞ்ஞான பீடம் உண்டு. மருதமுனை நெசவாளியின் தாடைக்கும் சாய்ந்தமருது மீனவரின் முறிந்த எலும்புக்கும் இவ்வறிவு எட்டுமா என்பது இரசாயனம் மட்டும் விடையிறுக்கத்தக்க வினாவன்று. அறிவை ஆக்குவது சமூகம்; அதன் பயனும் சமூகத்தையே சேர்தல் வேண்டும்.