நேரலை வகுப்பா, பதிவுக் காணொளியா?

கொரோனா காலத்தில் நேரில் கூட முடியாமல் போனபோது, நம் இயற்கை விவசாயப் பயிற்சிகள் பலவும் செல்போனுக்குள் வந்துவிட்டன. ஜூம், கூகுள் மீட்டில் நேரலை வகுப்பு ஒரு பக்கம். யூடியூபில் நினைத்தபோது பார்க்கிற பதிவு இன்னொரு பக்கம். ரெண்டில் எது நல்லதுன்னு புதுசா வர்ற நண்பர்கள் கேட்கிறாங்க. எதைக் கத்துக்கப் போறோம் என்பதைப் பொறுத்த விஷயம் அது.

அளவும் செய்முறையும் உள்ள பாடத்துக்குப் பதிவுதான் மேல். ஏக்கருக்கு ஜீவாமிர்தம் என்றால் 200 லிட்டர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லிட்டர் கோமியம், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பயறு மாவு, ஒரு கைப்பிடி வரப்பு மண். நேரலையில் மளமளன்னு சொல்லிட்டுப் போனால், பாதிப் பேர் நோட்டில் வெல்லமே விட்டுப்போயிருக்கும். பதிவை நிறுத்தி எழுதிக்கலாம்; டிரம் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டே கலக்கலாம். சிக்னல் எட்டாத தோட்டமா? வீட்டிலேயே டவுன்லோடு செய்து எடுத்துப் போகலாம்.

பயிரில் குறை தெரிந்தால் கதையே வேற. நெல் மஞ்சளாகிறது. தழைச்சத்துக் குறை என்றால் அடி இலையில் முதலில் தெரியும். இரும்பு, கந்தகக் குறை என்றால் இளம் இலையில். நட்ட சில வாரத்தில் துருப்புள்ளி விழுந்து பயிர் குன்றினால் துத்தநாகக் குறையாகவும் இருக்கலாம். பதிவில் பேசுகிறவர் தன் வயலின் மஞ்சளைத்தான் காட்டுவார். நேரலையில் நம்ம வயல் போட்டோவைக் காட்டினால், "அடி இலையா, குருத்தா? தண்ணி எத்தனை நாளா நிக்குது?" என்று திருப்பிக் கேட்பார். அந்தக் கேள்விக்காகத்தான் நேரலை. தப்பாகக் கணித்து நாளைக் கடத்தினால் தூர் கட்டும் பருவம் போயிடும். அந்தப் போகத்துக்கு அது திரும்ப வராது.

ஆனால் பல நேரலைகளில் என்ன நடக்குது? ரெண்டு மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் உரை. மிச்சத்தில், "ஐயா, மைக்கை ஆன் பண்ணுங்க" என்பதிலேயே பாதி போயிடுது! உரையை முன்கூட்டியே பதிவாக அனுப்பிவிட்டு, கேள்விக்கு மட்டும் இருபது பேர் அளவில் நேரலை வைக்கலாம். அதுவும் ராத்திரி ஏழு மணிக்கு மேல் வைக்கணும். காலை பத்து மணிக்கு வைத்தால் மடை திருப்புகிறவர் எப்படி வருவார்?

ரெண்டிலுமே வராத ஒன்று வாசனை. மீன் அமிலம் பக்குவமானால் பழ வாடை வரும், கெட்டால் அழுகல் நாற்றம் அடிக்கும். பக்கத்து ஊரில் செய்கிறவர் வாளியைத் திறக்கும் நாளில் போய் ஒருமுறை மோந்து பார்த்துட்டு வந்துடுங்க.