வீட்டுத் தோரணமும் கடைத் தோரணமும்

சென்னையிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பழவேற்காட்டின் பெயரைச் சொன்னால், நமது நேயர்களிற் பலருக்கு இறாலும் நண்டும், பனிக்காலத்தில் வந்திறங்கும் பூநாரைகளும், டச்சுக்காரரின் கல்லறைகளுமே நினைவுக்கு வரும். அவ்வேரிக்கரையில் ஸ்திரீகள் கைப்படச் செய்யும் ஓலை வேலையையும், பண்டிகைக்கு வீட்டிலேயே செய்துகொள்ளும் காகித அலங்காரங்களையும் பற்றி இப்பக்கத்தில் எழுதுவதா என்று சிலர் புருவத்தை நெரிக்கலாம். சட்டசபையும் தேர்தலும் இருக்கத் தோரணத்துக்கு என்ன அவசரம் என்பர். கூட்டம் கூட்டுவதையே விரதமாகக் கொண்ட நமது தொண்டர்கள் ஒவ்வொரு கூட்டத்துக்கும் எத்தனை முழம் தோரணம் கட்டுகிறார்கள், அது எங்கிருந்து வருகிறது, கூட்டம் கலைந்த பின் எங்கே போகிறது என்று ஒருமுறை யோசித்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

பழவேற்காட்டுக்கு ஒரு பழைய நஷ்டம் உண்டு. 1613-ல் டச்சுக்காரர் அங்கே கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டியது முக்கியமாகத் துணி வியாபாரத்துக்காகவே. அவ்வூரிலிருந்து கப்பலேறிய கட்டம் போட்ட கைக்குட்டைகளுக்கு மேல்நாடுகளில் ஊரின் பெயரே பெயராயிற்று. பிறகு நடந்ததென்ன? 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரத்தார் அதே மாதிரியைத் தங்கள் தறிகளில் நெய்து, அதே பெயரையும் சூட்டி விற்கலாயினர். பெயர் அவர்களிடம் போயிற்று, வியாபாரமும் கூடப் போயிற்று. நேயர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டுகிறோம்.

துணி போன பின்னும் ஓலை நின்றது. பழவேற்காட்டு முஸ்லிம் குடும்பங்களைச் சேர்ந்த ஸ்திரீகள் நெடுங்காலமாகப் பனையோலையில் வர்ணப் பெட்டிகள் முடைந்து வருகிறார்கள். மீனவர் வீட்டுப் பெண்களும் இவ்வேலையைக் கற்றிருக்கிறார்கள். பார்ப்பதற்கு எளிதாகத் தோன்றும் இவ்வேலையில் எத்தனை படி இருக்கிறதென்பது வாங்குவோருக்குத் தெரியாது. மரமேறத் தெரிந்தவர் விரியாத குருத்தை அளவறிந்து வெட்டவேண்டும். அளவு மீறி வெட்டினால் மரம் சோர்ந்துபோகும். குருத்தை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கை நீக்கி, ஒரே அகலமான நறுக்குகளாகக் கிழிக்க வேண்டும். சாயமேற்றுவதற்குரியவற்றைச் சாய நீரிலிட்டுக் கொதிக்கவைத்து மறுபடி உலர்த்தவேண்டும். முடையும்போது ஓலை முறியாமல் வளைவதற்கு ஈரம் காட்டவேண்டும்; ஈரம் மிஞ்சினால் பூசணம் பிடிக்கும். இவ்வளவும் சமையலுக்கும் குழந்தைகளுக்கும் நடுவிலே, வீட்டுத் திண்ணையில் நடப்பவை.

ஏரியை நம்பிய குடும்பத்துக்கு இந்தத் திண்ணை வருமானம் சில்லறை வருமானமன்று. பழவேற்காட்டு மீனவர் ஏரியிலே 'பாடு' என்னும் முறைவைத்து, இன்னாருக்கு இன்ன நாளில் இன்ன இடம் என்று தங்களுக்குள்ளேயே பங்கிட்டுக்கொள்பவர்கள். முறை வராத நாள் உண்டு. முறை வந்தும் வலை வெறுமனே ஏறும் நாள் உண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்துவிட்டால் கடலுக்குப் போகவும் வழியில்லை, ஏரிக்குள் இறால் வரவும் வழியில்லை. ஸ்ரீஹரிக்கோட்டையிலிருந்து ராக்கெட் எழும் நாளிலோ, கடலுக்குப் போகவேண்டாமென்று எச்சரிக்கை வந்துவிடுகிறது. தேசம் ஆகாயத்தை எட்டும் அன்று மீனவன் கரையிலே உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கிறான். அப்படிப்பட்ட நாட்களில் அடுப்பெரிவதற்குப் பெண்களின் கைவேலை எவ்வளவு உதவும் என்பதை நாம் விளக்கவேண்டியதில்லை.

இனிப் பண்டிகைக்கு வருவோம். நமது நாட்டில் அலங்காரம் என்பது ஆதியில் விலைக்கு வாங்கும் சரக்கன்று. அம்மன் திருவிழாவுக்குத் தென்னங்குருத்தை வகிர்ந்து தோரணம் கட்டுவார்கள். மிஞ்சிய ஓலையில் குழந்தைக்குக் கிளியும் காற்றாடியும் கிலுகிலுப்பையும் பிறக்கும். குருத்தோலை ஞாயிறன்று கிறிஸ்தவர்கள் அதே ஓலையைச் சிலுவையாக மடித்து வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். விநாயக சதுர்த்திக்குச் சென்னைத் தெருக்களில் விற்கும் வர்ணக் காகிதக் குடை இன்னும் முற்றிலும் மறைந்துவிடவில்லை. மார்கழியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்தை வீட்டுப் பிள்ளைகளே செய்த காலம் ஒன்றிருந்தது.

அந்நட்சத்திரத்தைச் செய்யும் விதத்தை இங்கே எழுதிவைக்கிறோம். தெரியாத பிள்ளைகள் இக்காலத்தில் அதிகம். ஒரே நீளமான மூங்கிற் சிம்புகள் பத்து வேண்டும். ஐந்தைந்தாகக் குறுக்கும் நெடுக்கும் வைத்து நூலால் கட்டினால் இரண்டு ஐம்முனை நட்சத்திரங்களாகும். இரண்டையும் ஒன்றன்மேலொன்று வைத்து ஐந்து முனைகளையும் இறுகக் கட்டி, நடுவிலே சிம்புகள் வெட்டிக்கொள்ளும் ஐந்து இடங்களிலும் விரற்கடையளவுக் குச்சிகளை நிறுத்தினால் கூடு உப்பி நிற்கும். மேலே ஒட்டுவதற்குப் புதுக் காகிதம் வாங்கவேண்டுமென்பதில்லை. பழைய பத்திரிகைத் தாளில் பூவும் மீனுமாகத் துளைகள் வெட்டி, துளைகளின் பின்னே மட்டும் மெல்லிய வர்ணக் காகிதத்தை ஒட்டினால் உள்ளே வைக்கும் வெளிச்சம் அவ்வழியே புறப்படும். நமது தலையங்கங்கள் வேறெவ்விதத்தில் ஒளி வீசாவிட்டாலும் இவ்விதத்திலாவது வீசட்டும். பசைக்கு மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காதபடி சிறிது மயில்துத்தம் சேர்ப்பது புஸ்தகம் கட்டுவோரின் வழக்கம். அது விஷமாதலால் குழந்தைகள் ஒட்டும் பசையில் அதைச் சேர்க்கலாகாது. உள்ளே சூடேறாத எல்.இ.டி. விளக்கே உத்தமம். கலியாணப் பத்திரிகைகள், தேதி போன காலண்டர் அட்டைகள், கிழிந்த வலைத் துண்டு, கரையொதுங்கிய கிளிஞ்சல் ஆகியவை எல்லாம் சற்றுக் கையோட்டம் உள்ளவர்களுக்கு அலங்காரச் சரக்கே.

இவற்றின் இடத்தில் வந்து உட்கார்ந்தது எது? பிளாஸ்டிக் கொடியும், ஜிகினாச் சரமும், தெர்மோகோல் எழுத்துக்களும். தெர்மோகோல் மக்குவதில்லை, சிறு மணிகளாக உதிரும். வாய்க்கால் வழியாகவோ காற்றின் வழியாகவோ தண்ணீரில் விழுந்தால் மிதக்கும். மீனுக்கும் பறவைக்கும் இரையைப்போலத் தோன்றும். பழவேற்காடோ பெரும்பாலும் ஆளுயரம்கூட ஆழமில்லாத ஏரி. ஆரணியாறும் காளங்கியாறும் அதில் வந்து விழுகின்றன. பக்கிங்காம் கால்வாய் அதனூடே செல்கிறது. மேட்டிலுள்ள ஊர்களில் எறியப்படுவதற்கு ஏரியிலே இடமுண்டு. ஏரியில் இருப்பவருக்கு வேறிடம் இல்லை.

அரசாங்கத்தார் சும்மா இருந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் பல தடுக்கப்பட்டன. 2022 ஜூலை 1 முதல் தேசம் முழுவதற்கும் வந்த தடையில் பிளாஸ்டிக் கொடிகள், பலூன் குச்சிகள், அலங்காரத்துக்கான தெர்மோகோல், 100 மைக்ரானுக்குக் குறைந்த பதாகைகள் ஆகியவை பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. நாம் சட்டம் படித்தவர்களாதலால் ஒன்று சொல்வோம். சட்டம் ஒரு சாமானை விலக்கலாம். விலக்கிய இடத்தில் வேறொன்றை உண்டாக்க அதனால் இயலாது. அந்த இடத்தை நிரப்பவேண்டிய கைகள் பழவேற்காட்டைப் போன்ற ஊர்களில் இருக்கின்றன. அவற்றுக்கு வேலை கொடுக்காமல் தடையை மட்டும் போற்றுவது, கிணற்றை வெட்டாமல் குழாயை மூடியதற்கு ஒப்பாகும்.

தேசிய இயக்கத்தின் சரித்திரம் அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. 1934-ல் காந்தியடிகள் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தோற்றுவித்து, தஞ்சாவூரிற் பிறந்த ஜே. ஸி. குமரப்பாவை அதற்குக் காரியதரிசியாக்கினார்; வார்தாவில் கைக்காகிதம் செய்வது அச்சங்கத்தின் வேலைகளில் ஒன்று. 1936 டிசம்பரில் பைஸ்பூர் கிராமத்திலே கூடிய காங்கிரஸ் மகாசபைக்கு வங்காளத்துச் சித்திரக்காரர் நந்தலால் போஸ் மூங்கிலையும் கிராமத்துச் சாமான்களையும் கொண்டே பந்தலை அலங்கரித்தார். 1938-ல் ஹரிபுராவில் அவர் செய்ததோ இன்னும் விசேஷம். கைக்காகிதத்தை வைக்கோல் அட்டையின்மேல் ஒட்டி, மண் வர்ணங்களால் குயவனையும் தச்சனையும் தம்பட்டக்காரனையும் குழந்தையேந்திய தாயையும் எழுதி, அவரும் அவருடைய மாணவர்களுமாக நூற்றுக்கணக்கான படங்களைப் பந்தலெங்கும் மாட்டினார்கள். அன்றைக்கு அவை பந்தல் ஜோடனை. இன்றைக்குத் தேசத்தின் கலைப் பொக்கிஷம். எந்தக் கட்சியின் இன்றைய மாநாட்டு ஜோடனையைப் பற்றியாவது 80 வருஷங்களுக்குப் பின் இவ்வாறு சொல்லமுடியுமா? 2019-ல் சென்னையில் சாலையோரத்துப் பதாகை சரிந்து விழுந்து ஓர் இளம்பெண் உயிரிழந்ததைத்தான் ஜனங்கள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தேசியக் கொடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கையால் நூற்றுக் கையால் நெய்த கொடியே கொடி என்றிருந்த விதியை 2021 டிசம்பரில் திருத்தி, இயந்திரத்தில் செய்த பாலியெஸ்டர் கொடிக்கும் இடம் கொடுத்தார்கள். திருத்தியது சரியென்று நமக்குத் தோன்றவில்லை. விழாக்களில் ஜனங்கள் கையில் ஏந்தக் காகிதக் கொடிக்கு விதியில் இடமுண்டு. ஏந்திய பின் தரையில் எறியலாகாதென்றும் அதே விதி கூறுகிறது. பள்ளிப் பிள்ளைகளே தங்கள் கையால் செய்த கொடியை எறிய அவர்களுக்கு மனம் வராது.

விலையைப் பற்றி நமது தொண்டர்களிடம் வெளிப்படையாகவே பேசவேண்டியிருக்கிறது. பட்டணத்திலிருந்து பூநாரை பார்க்கப் போகிறவர்கள் படகுக்குக் கேட்ட வாடகையைக் கொடுத்துவிட்டு, ஓலைப் பெட்டிக்கு வந்ததும் பேரம் பேச ஆரம்பிக்கிறார்கள். பிளாஸ்டிக் கூடையின் விலையை ஓலைப் பெட்டியின்மேல் வைத்து அளக்கிறார்கள். மரமேறியவரின் கூலியையும், சாயத்தின் விலையையும், உட்கார்ந்து முடைந்த நேரத்தையும் கூட்டிப் பார்த்தால் பேரத்துக்கு அங்கே இடமே இராது. தயவுக்காக ஒன்று வாங்குவதும் வேண்டாம். அது ஒரு நாளைக்கு ஆகும், தொழிலுக்கு ஆகாது. வேண்டுவது முன்பணத்தோடு கூடிய நிச்சயமான வேலை. மாநாட்டுக்கு ஆயிரம் ஓலைப் பூக்கள், பிரதிநிதிகளுக்கு ஐந்நூறு ஓலைப் பைகள் என்று ஒரு சங்கம் மகளிர் சுய உதவிக் குழுவினரிடம் எழுதிக்கொடுத்தால், ஒரு குப்பத்தின் பெண்கள் பல வாரங்களுக்குக் கடனில்லாமல் இருப்பார்கள். இல்லையேல் கைக்குட்டைக்கு நேர்ந்தது பெட்டிக்கும் நேரும். ஓலையைப் போல அச்சிட்ட பிளாஸ்டிக் பெட்டியை வேறெவரேனும் செய்து, பழவேற்காட்டின் பெயராலேயே நமக்கு விற்பார்கள்.

சொல்ல நினைப்பவர்கள் காலத்தை அறிந்து சொல்லவேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குருத்து உலராது. உலராத ஓலையில் சாயம் திட்டுத்திட்டாக நிற்கும். பொங்கலுக்குத் தோரணம் வேண்டுவோர் புரட்டாசிக்குள் ஆள் அனுப்பியாகவேண்டும். நமது காரியாலயத்து வாயிலுக்கு வேண்டியதை நாம் ஆவணியிலேயே எழுதிவிடப் போகிறோம்.