குழாய் வழியே வரும் காரீயம்

தாமிரபரணி தீரத்து ஜனங்களுக்குத் தங்கள் தண்ணீரைப் பற்றி ஒரு கர்வம் உண்டு. அதில் தவறில்லை. பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளி கண்டு, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் என்று இரு ஜில்லாக்களை ஊட்டிவிட்டுப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் நதி இது. திருநெல்வேலி அல்வாவின் ருசிக்கும் இந்நீரே காரணம் என்று சொல்லாதவர் இல்லை. ஆற்றில் சாக்கடை கலப்பதைக் குறித்துப் பலர் எழுதியும் வழக்காடியும் வருகின்றனர், அது வேண்டியதே. இன்று நாம் சொல்ல வந்தது வேறு. ஆறு பளிங்குபோல் ஓடினாலும், வீட்டுக் குழாய்க்குள் நுழைந்தபின் அந்நீருக்கு நேரக்கூடிய கேட்டைப் பற்றியது அது.

நம்மவர் இரண்டு உலோகங்களை ஈயம் என்று ஒரே பெயரால் அழைக்கின்றனர். ரசம் வைக்கும் சொம்பும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம். கலப்படக்காரன் கைவைக்காத வரையில் அதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. அஞ்ச வேண்டியது காரீயத்துக்கு. நீரில் அது கரைந்திருந்தால் நிறத்தாலோ மணத்தாலோ ருசியாலோ அறிய முடியாது. உட்சென்ற காரீயம் எலும்பில் சுண்ணாம்புச் சத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்காய்த் தங்கும். சிறு குழந்தைகளின் உடல் பெரியவர்களின் உடலைக் காட்டிலும் நான்கைந்து மடங்கு அதிகமாக அதைக் கவர்ந்துகொள்ளும்; மூளை வளர்ச்சியையும் குன்றச் செய்யும். இன்ன அளவு வரை பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் முடிவு. நமது தேசத்தின் 2012-ம் வருஷத்துக் குடிநீர்த் தரப் பிரமாணம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாதென்கிறது. அதற்கு எவ்விதத் தளர்வும் அளிக்கவில்லை.

மலை நீர் சுத்தமானதாயிற்றே, அதற்கென்ன பயம் என்று கேட்போர் கிளாஸ்கோ நகரத்தின் கதையை அறிய வேண்டும். ஸ்காத்லாந்து மலைநாட்டிலுள்ள கத்ரீன் ஏரியின் நீரை 1859-ல் அந்நகருக்குக் கொண்டுவந்தனர். அது நல்ல நீர், மென்னீர். அம்மென்மையே வினையாயிற்று! சுண்ணாம்புச் சத்து மிகுந்த நீர் குழாயின் உட்புறத்தில் ஒரு படலத்தைப் படியவிட்டுக் காரீயம் கரையாமல் காக்கும். மென்னீர் அவ்வாறு செய்யாது, உலோகத்தையே அரிக்கும். கிளாஸ்கோ வீடுகளில் இருந்தவையோ காரீயக் குழாய்கள்; தொட்டிகளுக்கும் காரீயத் தகடு. நூறு வருஷங்களுக்கு மேல் ஜனங்கள் அந்நீரைக் குடித்தனர். 1970களின் பிற்பகுதியில்தான் சுண்ணாம்பும், பின்னர் பாஸ்பேட் உப்பும் கலந்து நீரைத் திருத்த முற்பட்டனர். பொதிகையிலிருந்து இறங்கும் நீரும் உப்புக் குறைந்த மென்னீரே என்பதை நாம் மறக்கலாகாது.

நம் ஊரில் காரீயக் குழாய் ஏது என்பீர்கள். உண்மை, தெருவையும் வீட்டையும் இப்போது நிரப்பியிருப்பது பி.வி.சி. குழாய். ஆனால் அந்தப் பிளாஸ்டிக்கை வார்க்கும் சூட்டில் அது சிதையாதிருக்கும் பொருட்டுக் காரீய உப்புக்களைச் சேர்ப்பது நெடுங்காலமாக வழக்கமாயிருந்தது. ஐரோப்பிய உற்பத்தியாளர் 2015-ம் வருஷ முடிவுக்குள் அவ்வழக்கத்தைக் கைவிட்டனர். நமது மத்திய சர்க்கார், பசுமைத் தீர்ப்பாயத்தில் வழக்கு நடந்த பிற்பாடு, 2021-ல் இதற்கென விதிகள் பிறப்பித்தது. பித்தளைத் திருகு குழாயிலும், கடைசல் வேலைக்கு எளிதாயிருக்கச் சிறிது காரீயம் சேர்ப்பதுண்டு.

விதிகள் நல்லவையே. ஆயினும் சட்டத்தைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அவற்றின் எல்லை உடனே தெரிகிறது. அவை கட்டுப்படுத்துவது குழாய் செய்கிறவனை. அதற்கு முன்பே சுவருக்குள் புதைந்துவிட்ட குழாயை அல்ல. புதுக் குழாயில் அதிகமாகக் கரைந்து, நாட்பட நாட்படக் குறையும் என்பது மெய்யே. ஆனால் திருநெல்வேலி வெயிலில் மொட்டை மாடியில் காய்ந்து வெளுத்த குழாயிலும், இரவெல்லாம் நீர் தேங்கி நிற்கும் குழாயிலும் என்ன கரைகிறதென்று சோதித்தாலன்றித் தெரியாது. வாடகைக்குக் குடியிருப்பவன் சுவரை இடிக்கவா முடியும்?

நீர்த்தொட்டியில் எடுத்த நீரைச் சோதித்து ‘தோஷமில்லை’ என்று எழுதிவைப்பதில் நமக்குத் திருப்தி இல்லை. தொட்டிக்கும் டம்ளருக்கும் இடையிலன்றோ குழாய் இருக்கிறது! அமெரிக்காவில் பிளிண்ட் நகரத்தார் 2014-ல் வேறு ஆற்று நீருக்கு மாறியபோது, குழாய் அரிப்பைத் தடுக்கும் மருந்தைக் கலக்கத் தவறிவிட்டனர். வீட்டுக் குழாய் நீரைப் பிடித்து, குழந்தைகளின் இரத்தத்தையும் சோதித்த பின்னரே அதிகாரிகள் உண்மையை ஒப்பினர்.

ஆதலின் திருநெல்வேலி மாநகராட்சியையும், ஆற்றங்கரை நகரசபைகளையும் நாம் கேட்பது இது. வார்டுதோறும் சில பழைய வீடுகளிலும், எல்லாப் பாடசாலைகளிலும் அங்கன்வாடிகளிலும், அதிகாலையில் எவரும் குழாயைத் திறக்குமுன் வரும் முதல் நீரைப் பிடித்துச் சோதிக்க வேண்டும். கண்ட அளவை வார்டுவாரியாக வெளியிட வேண்டும். ஊழியம் செய்ய முன்வரும் நண்பர்கள் இதையே தத்தம் கவுன்சிலர்களிடம் எழுத்து மூலம் கேட்பார்களாக.

அதுவரை வீட்டார் செய்யக்கூடியது: காலையில் சில நிமிஷம் குழாயை ஓடவிட்டு, அந்த நீரைப் பாத்திரம் கழுவவும் செடிக்கு ஊற்றவும் வைத்துக்கொண்டு, பிறகு வருவதைக் குடிக்கப் பிடிக்கலாம். காய்ச்சினால் கிருமி சாகும். காரீயம் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு ஏறும். புதுக் குழாய் வாங்குவோர் காரீயம் சேராத குழாயா என்று கடைக்காரரைக் கேட்டு, அதைப் பில்லிலும் எழுதி வாங்கிக்கொள்க.