ஓட்டம் நின்றாலும் பயிற்சி நிற்க வேண்டியதில்லை

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு வருகிற ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும்; பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 விநாடி. எழுத்துத் தேர்வில் தேறியவர்களுக்கே இந்த ஓட்டத்துக்கு அழைப்பு என்பதால், காட்டுமன்னார்கோயில் போன்ற ஊர்களின் பிள்ளைகள் பலரும் முடிவு வந்த பிறகுதான் ஓடத் தொடங்குகிறார்கள். வீராணம் ஏரிக்கரையோ பள்ளி மைதானமோ தார்ச் சாலையோ, கிடைத்த இடத்தில் முதல் வாரத்திலேயே முழு வேகம். மூன்றாம் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வலிக்கும். தைலம் தேய்த்து, மாத்திரை போட்டு, மறுநாளும் ஓடுவார்கள். நிறுத்தினால் இதுவரை பட்ட பாடெல்லாம் வீண் என்ற பயமே அவர்களை ஓட வைக்கிறது. அந்தப் பயத்துக்கு ஆதாரம் குறைவு. வலி தெரிந்ததும் ஓட்டத்தை நிறுத்தி, வேறு வழியில் பயிற்சியைத் தொடர்பவரே சீக்கிரம் மைதானத்துக்குத் திரும்புகிறார்.

எலும்பு புதிய சுமையைச் சந்திக்கும்போது, தேய்ந்த பகுதியை உடல் முதலில் அரித்தெடுக்கிறது. அந்த இடத்தில் புதிதாகக் கட்டுவது பிறகுதான். அரிப்பு சில வாரங்களில் முடிந்துவிடும், கட்டுவதற்கு மாதங்கள் ஆகும். நடுவில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாகவே இருக்கும். மூச்சும் தசையும் அதற்குள் தேறிவிடுவதால், ஓடுகிறவருக்கு இது தெரிவதில்லை. நீண்ட அணிநடையில் கால் வீங்கிய படைவீரர்களைப் பார்த்து, பிரஷ்ய ராணுவ மருத்துவர் பிரைத்ஹௌப்ட் சுமையால் வரும் இந்த எலும்புக் கோளாறை 1855-லேயே பதிவு செய்தார். முன்னெலும்பின் உள்விளிம்பு நெடுகப் பரவலாக வலித்து, உடம்பு சூடானதும் குறைந்தால் பெரும்பாலும் அது ஆரம்ப நிலை. ஒரே இடத்தில் விரல்நுனி வைத்தாலே சுரீர் என்றால், நடக்கும்போதும் இரவிலும் வலித்தால், விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். மாதவிடாய் தவறும் பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். தொடக்கத்தில் எக்ஸ்-ரேயில் விரிசல் தெரியாமல் போகலாம். ஆகவே படம் சரியாக இருந்தாலும் வலி தொடர்ந்தால், சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரை மறுபடி பார்ப்பது அவசியம். சாதாரண விரிசல் ஆற 6 முதல் 8 வாரம் ஆகும். அதன்மேல் ஓடினால் எலும்பு முழுதாக முறியவும் கூடும்.

ஓய்வில் எவ்வளவு இழப்போம்? நன்கு பயிற்சி பெற்றவர்கள் பயிற்சியை அடியோடு நிறுத்தியபோது, உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் உச்சத் திறன் மூன்று வாரத்தில் சுமார் 7 விழுக்காடு குறைந்ததாக எட்வர்ட் காய்ல் குழுவினரின் 1984 ஆய்வு காட்டியது. அந்த 7 விழுக்காட்டை அப்படியே நேரத்தில் ஏற்றினாலும், 6 நிமிடம் 15 விநாடியில் ஓடுபவர் 6 நிமிடம் 41 விநாடியில் முடிப்பார், தேர்ச்சிதான். இதுவும் சும்மா உட்கார்ந்திருந்தால் வருகிற கணக்கு. அமெரிக்க ஓட்ட வீராங்கனை ஜோன் பெனாய்ட் 1984-ல் முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பின் கையால் சுற்றும் சைக்கிளில் பயிற்சி செய்தார். பதினேழாம் நாள் ஒலிம்பிக் தகுதி மாரத்தானை வென்றார். ஆகஸ்டில் முதல் பெண்கள் ஒலிம்பிக் மாரத்தான் தங்கமும் அவருக்கே. நம் பிள்ளைகளுக்கு வீட்டுச் சைக்கிள் போதும்: கால் வலிக்காத அளவில், மூச்சு வாங்க வாங்க மிதித்தால் இதயம் பயிற்சியை இழக்காது.

பெனாய்ட் பல ஆண்டு அடித்தளம் உள்ளவர், புதியவர்களுக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பதினேழு நாளில் திரும்பியதைப் பின்பற்றச் சொல்லவில்லை. காயம்பட்ட காலை விட்டுவிட்டு மற்ற உடலுக்கு வேலை கொடுத்ததைத்தான் சொல்கிறேன். தேர்வுத் தேதி காத்திருக்காதே என்பது அதைவிடக் கனமான கேள்வி. 6 நிமிடம் 50 விநாடியில் தொட்டும் தொடாமலும் ஓடுபவருக்கு மூன்று வார ஓய்வு உண்மையிலேயே இடர். ஆனால் விரிசலோடு தொடர்ந்தால் அவர் அந்த 1,500 மீட்டரையே ஓட முடியாமல் போகலாம். நடக்க வலியில்லை என்றானதும் மண் தரையில் ஒரு நிமிடம் மெல்லோட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்கி, மறுநாள் காலை வலி இல்லையென்றால் மட்டுமே கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இந்த நெருக்கடியைத் தவிர்க்க, விண்ணப்பம் போட்ட அன்றே ஓடத் தொடங்குவதுதான் வழி. எலும்பு கேட்கும் மாதங்கள் அப்போதுதான் கிடைக்கும். பயிற்சியாளர்களும் பெற்றோரும், கால் வலி என்று ஒதுங்கி நிற்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்துதான் பலர் வலியை மறைத்து ஓடுகிறார்கள்.