மட்டை ஏந்திய மகள்

பெண் மகவு பிறந்த இல்லத்தில் அவளது படிப்பைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் பேச்சு எழுவதுண்டு. அவளது விளையாட்டைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. பருவமெய்தியதும் ஆடுகளத்தின் வாயில் அவளுக்கு அடைபட்டுவிடுகிறது. "வெயிலில் நின்றால் கறுத்துப் போவாள், பின்னர் யார் மணப்பார்?" என்னும் சொல்லை நம் பங்குகளிலும் நாம் கேட்டிருக்கிறோம்.

இதே சொல்லை ஐதராபாத் நகரில் ஓர் இசுலாமியக் குடும்பமும் உற்றாரிடமிருந்து கேட்டது. அவ்வில்லத்தின் மூத்த மகள்தான் சானியா மிர்சா. 1986-ஆம் ஆண்டில் பிறந்த அவர், ஆறாம் வயதில் டென்னிஸ் மட்டையைக் கையிலெடுத்தார். சாணம் மெழுகிய மண்தரையே அவர் பழகிய களம். தந்தை இம்ரான் பயிற்சியளித்தார். தாய் நசீமா துணைநின்றார். உற்றாரின் அச்சத்திற்கு அவர்கள் இணங்கவில்லை.

2003-இல் விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டம் அவருக்குக் கிட்டியது. 2005-ஆம் ஆண்டு பிப்ரவரியில், தம் சொந்த நகரிலேயே, உலக மகளிர் டென்னிஸ் சங்கத்தின் ஒற்றையர் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமையை எய்தினார். அதே ஆண்டில் அமெரிக்க ஓபன் போட்டியில் நான்காம் சுற்றை எட்டினார். அவரது ஆட்டத்தை நாடே வியந்து நோக்கிய அவ்வேளையில், சமயத் தலைவர் சிலர் அவரது ஆடையைக் குறைகூறினர். அன்று அவருக்கு வயது பதினெட்டு. இதைப் படிக்கையில் குருக்களாகிய நாமும் நம்மையே சோதித்துக்கொள்ள வேண்டியவர்களாகிறோம். ஓர் இளம்பெண்ணின் உழைப்பைக் காணுமுன் அவளது உடையைக் காணும் கண் நமக்கும் இல்லையா?

2007-இல் ஒற்றையர் தரவரிசையில் 27-ஆம் இடத்தை அடைந்தார். பின்னர் சோதனை வந்தது. மணிக்கட்டிலும் முழங்காலிலும் அறுவை சிகிச்சைகள் தேவைப்பட்டன. தலைவாரவும் கை ஒத்துழையாத நாள்கள் இருந்தன என அவரே கூறியுள்ளார். 2013-இல் ஒற்றையர் ஆட்டத்திலிருந்து விலகினார். எனினும் மட்டையைக் கீழே வைக்கவில்லை. இயன்ற ஆட்டமாகிய இரட்டையரில் முழு மனத்தையும் செலுத்தினார்.

2015-இல் சுவிட்சர்லாந்தின் மார்ட்டினா ஹிங்கிஸுடன் இணைந்தார். ஏப்ரல் 13 அன்று இரட்டையர் தரவரிசையில் உலகின் முதலிடத்தைப் பெற்றார். அவ்வாண்டு விம்பிள்டன் இறுதியாட்டத்தில், முடிவு செய்யும் மூன்றாம் செட்டில் இவ்விருவரும் 2-5 எனப் பின்தங்கியிருந்தனர். அந்நிலையிலிருந்து மீண்டு 7-5 என வென்றனர். கலப்பு இரட்டையரில் மூன்றும் மகளிர் இரட்டையரில் மூன்றுமாக ஆறு பெரும் பட்டங்கள் அவருடையவை.

2018-இல் தாயானார். "இனி இல்லறமே போதும்" என்று உலகம் சொல்லும் வேளையில், உடல் எடையை வருந்திக் குறைத்து, 2020 ஜனவரியில் ஹோபார்ட் நகரில் மீண்டும் பட்டம் வென்றார். 2023 ஜனவரியில், மெல்போர்ன் இறுதியாட்டத்தில் ரோகன் போபண்ணாவுடன் ஆடித் தோற்றபோது, அவருடைய சின்னஞ்சிறு மகன் அரங்கில் இருந்தான். அடுத்த மாதம் துபாயில் ஆடி ஓய்வு பெற்றார்.

அன்புப் பெற்றோரே! ஆண்டவர் அருளிய தாலந்து உவமையை நினைவுகூருங்கள். தாலந்தை மண்ணில் புதைத்த ஊழியன் அதைத் திருடவில்லை, வீணாக்கவுமில்லை, அஞ்சினான், அவ்வளவே. ஆயினும் அவன் கண்டிக்கப்பட்டான். ஊரார் வாய்க்கு அஞ்சி நம் மகளின் திறமையை நாம் புதைப்போமாயின், நாளை அவர் கணக்குக் கேட்கையில் என்ன விடை பகர்வோம்?

எல்லாப் பெண்களும் விம்பிள்டன் செல்லப் போவதில்லை, செல்லவும் வேண்டியதில்லை. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் ஓடியாடும் உரிமை அவர்கள் எல்லாருக்கும் உண்டு. கோவில் மைதானத்தில் உங்கள் மகன் பந்தடிக்கிறான். உங்கள் மகள் எங்கே? இன்று மாலை அவளையும் அழைத்து வாருங்கள். வாயிலைத் திறந்து வைப்பது நம் கடமை.